அத்தை வீட்டுக் கரண்டு

மூவாயிரமா, ஐயாயிரமா? அமரவிளைக்கு அப்பால் மண் எடுத்த குழியில் ஞாயிறுதோறும் ரிமோட்டில் பொம்மை லாரி ஓட்ட வரும் என் வயதுக் கூட்டாளிகளே, உங்களுக்கு வேறு கேள்வியே கிடையாதா? சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமா பின்னால் போட வேண்டுமா என்பது மறந்துபோகும். பாட்டரி மேல் போட்டிருக்கும் எண்ணை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். கடையில் இருப்பதிலேயே பெரிய எண்ணாகப் பார்த்து வாங்குவது, பிறகு வண்டி ஏற்றத்தில் திணறுகிறது, பின்பக்கம் குத்தவைக்கிறது என்று என்னிடம் வந்து புலம்புவது. இதுதானே உங்கள் வழக்கம்?

நான் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு வாங்கிய பிறகு ரிமோட்டைத் தொட்டவர்கள். நான் பாவாடை கட்டிய வயதில் தொட்டவள். அந்த எண் வண்டியின் வலுவைச் சொல்வதில்லை. குடம் எவ்வளவு பெரிது என்று மட்டும்தான் சொல்கிறது. பெரிய குடத்தில் தண்ணீர் கூடுதல் நேரம் இருக்கும், அவ்வளவுதான். அதைச் சுமக்கிறவளுக்கு இடுப்பு வலியும் கூடும். ஆகவே எண்ணைப் பார்க்குமுன், வண்டி எங்கே போக வேண்டும் என்று பாருங்கள். திரும்பி வர வேண்டுமா என்றும் பாருங்கள். இந்த இரண்டாவது கேள்வியை இன்றுவரை உங்களில் ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அது ஒரு மேடமாதக் கோடை விடுமுறையில் வந்து சேர்ந்தது.

எங்கள் வீடு பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வீட்டைச் சுற்றிய பறம்புத் தோட்டத்தின் கடைசியில் ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. நடுவில் போட்டிருந்த ஒரு பாறைப்பலகைதான் பாலம். அந்தப் பக்கத்து முதல் வீடு எங்கள் அத்தை வீடு, அப்பாவின் நேர் தங்கை. கட்டிக்கொடுத்தது வேறு மாநிலத்தில் என்று பேர், அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் அத்தைக்குக் கேட்கும். மாமாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் வேலை. எப்போதாவதுதான் வருவார்.

அத்தை வீடு கட்டி முடித்த புதிதில் அவர்களுக்குக் கரண்டு கிடைக்கவில்லை. மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதுவரைக்கும் எங்கள் சமையலறையிலிருந்து ஒரு வயரை இழுத்து, பலாமரத்தில் கட்டி, ஓடைக்கு மேலாக அத்தை வீட்டுக்குக் கொடுத்திருந்தோம். ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடும். அப்பா நெய்யாற்றின்கரையில் அரசாங்க குமஸ்தா. ஒரு மாநிலத்துக் கரண்டை இன்னொரு மாநிலத்துக்கு வயர் வழியாகக் கொடுக்கும் அரசாங்க குமஸ்தா. இதை நினைத்து நினைத்தே அவருக்கு இரவில் தூக்கம் போயிருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள்.

ஒருநாள் மதியம், கரண்டு ஆபீஸ் ஜீப் ஊரில் வீடுவீடாகப் பரிசோதிக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பா வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தார், சட்டையைக்கூடக் கழற்றாமல் வயரைப் பிடுங்கி எறிந்தார். அதே நேரம் ஓடைக்கு அந்தப் பக்கம் அத்தை மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபேன் நின்றது. மாப்பிள்ளையின் தகப்பனார் மேலே பார்த்தார், வயர் போகிற வழியைப் பார்த்தார். "இந்த வீட்ல கரண்டும் இரவலாக்கும்?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

ஜீப் வந்தது தெருவிளக்குக்குப் பல்பு மாட்ட.

அத்தை பாறைப்பலகையில் வந்து நின்று சொன்னாள். "அண்ணனுக்கு வேலைதான் பெருசு. எனக்க பிள்ளைக்க வாழ்க்கை பெருசில்ல. இனி உங்க கரண்டும் வேண்டாம், உறவும் வேண்டாம்." அப்பாவும் விடவில்லை. இந்த வீட்டு ஆள் ஒருத்தரும் அந்தப் பலகையைத் தாண்டக் கூடாது என்றார். வயரைப் பிடுங்கியதில் அப்பா மீது எனக்கு இன்றும் குறை இல்லை. வேலை போயிருந்தால் நாங்கள் என்ன ஆகியிருப்போம்? ஆனால் மறுநாளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. அதற்குள் அத்தை வீட்டுக்குத் தமிழ்நாட்டுக் கரண்டு வந்துவிட்டது. எங்கள் கரண்டைவிட நல்ல கரண்டு. எங்கள் வீட்டில் சாயங்காலமானால் பல்பு பழுத்த அடைக்காய்ப் பாக்கு நிறத்தில் எரியும். அத்தை வீட்டில் வெள்ளையாக எரியும். அப்பா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் சித்தப்பா சார்ஜாவிலிருந்து வந்தார். அப்பாவுக்கும் அத்தைக்கும் இளையவர். அங்கே தண்ணீர் லாரி ஓட்டினார். வந்த லீவில் கல்யாணம் என்று பெண் பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. பெட்டியைத் திறந்ததும் சோப்பும் செண்டும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவியது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். நடுவில் இருந்தது ஒரு சிவப்பு லாரி.

சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு. சக்கரம் என் கைப்பிடி அளவு, புது ரப்பர் மணம். மஞ்சள் ஸ்பிரிங். பின்னால் சாமான் வைக்கத் தொட்டி. ரிமோட்டின் ஏரியலை இழுத்தால் என் உயரத்துக்கு வரும். கூடவே இரண்டு பாட்டரிக் கட்டு. மஞ்சள் உறை போட்டதில் ஆயிரத்து இருநூறு, நீல உறை போட்டதில் ஆயிரத்து எழுநூறு. சார்ஜர் ஒன்றுதான், செங்கல் துண்டு மாதிரி கறுப்பாகக் கனமாக இருக்கும்.

"கல்யாணத்துக்குப் பொன் கொண்டுவருவான்னு பார்த்தா விளையாட்டுச் சாமானா கொண்டுவாறான்?" என்றார் அப்பா. சித்தப்பா ஏமாளி என்பது எங்கள் வீட்டில் முன்பே முடிவான விஷயம். அவர் சிரித்துக்கொண்டே ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

அந்தக் கல்யாணத்தில் ஒரு முடை இருந்தது. எங்களில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது, பின்னால் நின்று முடிச்சை இறுக்குவது கூடப்பிறந்த பெண். சித்தப்பாவுக்கு இருந்தது ஒரே அக்கா. அவருடைய பெரியப்பா மகளையோ வேறு யாரையோ நிறுத்தலாம், நிறுத்துகிறவர்களும் உண்டு. சித்தப்பாவுக்கு அது வேண்டாம். தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அத்தை.

வந்த மறுநாளே பலகையைத் தாண்டிப் போனார். அவரை மட்டும் அப்பா தடுக்கவில்லை. போன வேகத்தில் திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"அண்ணன் வந்து கல்யாணத்துக்கு விளிச்சா வாறேன், இல்லேன்னா இல்லன்னு அக்கா சொல்லுகா மைனி. எனக்குக் காப்பிகூடத் தரல்ல."

"உங்க அண்ணன் போவாரா?" என்றாள் அம்மா.

"அவரு கல்லாக்கும்."

"அவ மட்டும் என்ன, அதே கல்லுல உடைச்சதுதானே?"

சித்தப்பா முகம் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

இரண்டொரு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, "மக்கா, வண்டிய நம்ம முற்றத்துல நல்லா வட்டம் ஓட்டு. பொறவு பலகையில கயறி நின்னு அந்தப் பக்கம் விடு. நீ பலகையத் தாண்டாண்டாம். வண்டி தாண்டலாம். வண்டிக்கு அப்பா ஒண்ணும் சொல்லல்லியே?" என்றார். மஞ்சள் பாட்டரியை மாட்டினார். சார்ஜரைத் தூக்கித் தொட்டியில் வைத்தார்.

"சார்ஜர் எதுக்கு சித்தப்பா?"

"பாரம் இருந்தாத்தான் வண்டி குதிக்காது."

நான் நம்பினேன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் சொன்னால் நம்பத்தானே வேண்டும்? முற்றத்தில் ஆசை தீர வட்டம் அடித்தேன். மோட்டார் சுட்டு ஒரு வாசனை வரும், அதை மூக்கு நிறைய இழுப்பேன். பிறகு பலகையில் நின்று வண்டியை விட்டேன். கப்பைக் கிழங்குத் தோட்டத்தின் ஊடே, ரப்பர் ஷீட் காயப்போட்ட கயிற்றுக்கு அடியில், ஏற்றம் ஏறி அத்தையின் முற்றத்துக்குப் போயிற்று. கிணற்றடியில் சத்தம் மெலிந்தது. நின்றுவிட்டது.

அத்தை விளக்குமாறுடன் வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், பலகையில் நின்ற என்னைப் பார்த்தாள். தொட்டியிலிருந்த சார்ஜரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை முட்டியது. சித்தப்பா பலாமரத்தடியில் நின்று பீடி பற்றவைத்தார்.

மறுநாள் காலை அத்தை மகள் வண்டியைக் கொண்டுவந்து பலகையில் வைத்துவிட்டுப் போனாள். தொட்டியில் சார்ஜர் பத்திரமாக இருந்தது. ஆனால் வண்டியா அது! சுவிட்சைப் போட்டதும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. எங்கள் வீட்டுப் பழுத்த கரண்டில் சார்ஜ் ஏற்றினால் அது அப்படி ஓடியதே இல்லை. அப்பா ஆபீஸ் போக இறங்கியவர், படியிலேயே நின்று பார்த்தார்.

"இதுக்கு இண்ணைக்கு என்ன வேகம்?"

"அத்தை வீட்டுக் கரண்டுப்பா!" என்றேன் நான், வாயெல்லாம் பல்லாக.

அப்பா குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

அதன்பிறகு அதுவே வழக்கமாயிற்று. நாங்கள் விடுவோம், வண்டி அங்கே போய்ப் படுக்கும், சார்ஜ் ஏறி அத்தை மகள் கையில் திரும்பி வரும். கொஞ்சநாளில் தொட்டியில் சார்ஜரோடு வேறு சாமானும் வரத் தொடங்கியது. ஒருநாள் வாழையிலையில் கட்டிய முந்திரிக்கொத்து. ஒருநாள் பலாச்சுளை. அம்மா சும்மா இருப்பாளா, அவள் பங்குக்கு அச்சப்பம் சுட்டு வைத்து அனுப்பினாள். சித்தப்பாவின் கல்யாணச் சட்டைத் துணியில் ஒரு துண்டுகூட அந்தப் பக்கம் போயிற்று, நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு. பிடித்திருந்தது போல, துணி திரும்பி வரவில்லை. ஒரு வார்த்தை பேச்சு கிடையாது.

எனக்கு மட்டும் ஒரே கோபம். நீலப் பாட்டரியை மாட்டித் தாருங்கள், அது போய்விட்டுத் திரும்பியும் வருமே என்று சித்தப்பாவை அரித்தெடுத்தேன். "இது போதும் மக்கா" என்பார். நீலத்தை அலமாரிக்கு மேலே கண்ணுக்கு எட்டாமல் வைத்திருந்தார். ஊரிலும் பேச்சாயிற்று. சார்ஜாவில் எவனோ செத்த பாட்டரியைத் தலையில் கட்டிவிட்டான், இவன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று சாயாக்கடையில் சிரித்தார்கள். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார்.

சிரிக்க முடியாதவர் அப்பா. நம் வீட்டு வண்டி தினமும் அவள் முற்றத்தில் போய்ச் செத்து விழுகிறது, அவள் உயிர் கொடுத்து அனுப்புகிறாள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரிக்கு மேல் கையை விட்டு நீலத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டி எண்ணைப் படித்தார்.

"ஆயிரத்து எழுநூறு! இத வச்சுக்கிட்டா இத்தற நாளும் நாணங்கெட்டோம்? எலே, உனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதா?"

"வேண்டாம் அண்ணே, அது பாரம் கூடுதலு."

"பாரமாவது! மாட்டு. போயிட்டுத் திரும்பி வரட்டு, அவளும் பாக்கட்டு."

அண்ணன் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. சித்தப்பா சார்ஜ் ஏற்றி மாட்டினார். சார்ஜரைத் தொட்டியில் வைக்கவில்லை. அப்பா என் பின்னால் வந்து நின்றார், அந்தப் பலகைக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் வந்தது பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான்.

வண்டி ஏற்றத்தில் கொஞ்சம் முக்கியது, ஆனாலும் போயிற்று. அத்தை சத்தம் கேட்டே முற்றத்துக்கு வந்துவிட்டாள். கையில் வாழையிலைப் பொட்டலம். வண்டி கிணற்றடியில் வழக்கம்போல் நிற்கும் என்று குனிந்தாள்.

"திருப்பு! திருப்பு!" என்றார் அப்பா.

நான் திருப்பினேன். நீட்டிய கைக்கு அடியில் வண்டி வளைந்து, அதே வேகத்தில் இறங்கி, எங்களிடம் வந்து சேர்ந்தது. "கண்டியா!" என்று அப்பா கைதட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

அத்தை அதே இடத்தில் குனிந்தபடியே நின்றாள். பிறகு மெதுவாக நிமிர்ந்து, பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் எங்கள் பக்கம் யாரும் கதவு சாத்துவதில்லை. அப்பாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. சித்தப்பா வண்டியை எடுத்து மண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மஞ்சளை மாட்டி, சார்ஜரோடு மறுபடி விட்டோம். வண்டி போய்க் கிணற்றடியில் நின்றது. யாரும் வரவில்லை. மறுநாளும் அங்கேயே கிடந்தது. அதற்கடுத்த நாளும் வெயிலில் கிடந்தது. சிவப்பெல்லாம் புழுதி. கோழி ஒன்று தொட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது. கல்யாணமோ அந்த வாரக் கடைசியில். பந்தலுக்குக் கால் நட்டாகிவிட்டது. யார் முடிச்சுப் போடுவது என்று வந்தவர்கள் கேட்டால் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பெரியப்பா மகளுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, "இப்பம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார் சித்தப்பா.

கூட்டாளிகளே, கதையை இங்கே நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் போன மாதம் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேனே, இத்தனை எண்ணுக்கு இத்தனை நேரம், ஏற்றத்துக்கு இவ்வளவு கழிக்க வேண்டும், பாரத்துக்கு இவ்வளவு என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சட்டென்று சித்தப்பா நினைவு வந்தது. முற்றத்தில் வட்டம் அடிக்கச் சொன்னது, சார்ஜரைப் பாரமாக ஏற்றியது, மஞ்சளைத் தவிர வேறு மாட்டாதது. பாலைவனத்தில் தண்ணீர் லாரியை எண்ணெய் பார்த்து ஓட்டிய மனிதர், கணக்காக, போவதற்கு மட்டும் போதுமானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவரை நாங்கள் ஏமாளி என்றோம்! நல்ல பாட்டரி வாங்கத் தெரியாதவன் என்றோம்! நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வெட்கமும் வருகிறது. அத்தைக்கு அது முதல் நாளே புரிந்திருக்க வேண்டும். சார்ஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே.

வண்டி வெயிலில் கிடந்த அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் கிழக்கே கறுத்தது. கோடைமழை வரும்போது எங்கள் பக்கம் முதல் இடியிலேயே கரண்டு போய்விடும். போயிற்று. கப்பை இலையெல்லாம் திரும்பி வெள்ளை காட்டியது.

"அப்பா, வண்டி நனைஞ்சா செத்துப்போவும்!" என்று கத்தினேன்.

"போய் எடுத்துட்டு வா."

"நீங்கதானே தாண்டக் கூடாதுன்னு சொன்னிய?"

அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா பந்தல் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பவே இல்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையை நோக்கி நடந்தார். பலகையின் நடுவில் ஒரு நொடி நின்றார். தாண்டிவிட்டார். நான் பின்னாலேயே ஓடிப்போய்ப் பலகையில் நின்றுகொண்டேன்.

கோழியை விரட்டினார். வண்டியைத் தூக்கி, மேல்துண்டால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. சாத்திய கதவுக்கு முன்னால் போய் நின்றார். முதல் துளிகள் அவர் முதுகில் விழுவது எனக்குத் தெரிந்தது. கதவு திறந்தது. அத்தை நிலைப்படியில் நின்றாள்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"பிள்ளே, கரண்டு உண்டா?"

அத்தை வண்டியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"உண்டு. ஆனா தமிழ்நாட்டுக் கரண்டாக்கும். அண்ணனுக்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதே?"

"வந்தா வரட்டு" என்றார் அப்பா. "அண்ணைக்கும் அப்படி நெனச்சிருக்கணும் பிள்ளே."

அத்தை மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கையை நீட்டி வண்டியை வாங்கி இடுப்பில் வைத்தாள்.

"நனையாம உள்ள வாங்க. இது சார்ஜ் ஏற வெகுநேரம் ஆவும். இருந்து காப்பி குடிச்சுட்டு, முறையா விளிச்சுட்டுத்தான் போவணும்."

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார்.